முதலில் நூல், பிறகு கணிப்பொறி

(ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பள்ளிக்குக் கூடுதலாகப் பணம் வருமானால், அதனைக் கணிப்பொறிக்குச் செலவிடுவதா, நூலுக்குச் செலவிடுவதா என்பதே இன்று நம்முன் உள்ள வினா. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். முதலில் நூல் வாங்குக. பிறகு கணிப்பொறி வாங்குக. அக் கணிப்பொறியிலும் தமிழை முதலில் நிறுத்துக.

இப்படிச் சொன்னவுடனே, "தனித்தமிழ்க்காரர்கள் புதுமைக்குப் பகைவர்கள்" என்று சிலர் நகைப்பர். நாம் பகைவர் அல்லோம். ஓலையிலிருந்து தாளுக்கு வந்த தமிழ், தாளிலிருந்து மின்திரைக்கும் வந்துவிட்டது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொண்டர்களின் உழைப்பால் நம் பழநூல்களை இணையத்தில் ஏற்றி வருகின்றது. அதனைப் போற்றுகின்றோம். ஆனால் படிக்கப் பழகியவனுக்கே அந்தக் கருவூலம் திறக்கும். பழகாத பிள்ளைக்குக் கணிப்பொறி ஒரு விளையாட்டுப் பெட்டி, அவ்வளவே.

உலகைப் பாருங்கள். தென்னமெரிக்கப் பெரு நாடு 8 இலக்கத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கிற்று. அந்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகள் 319இல் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்கு அதில் சான்று கிட்டவில்லை. செல்வம் கொழிக்கும் சுவீடன் நாடோ, பள்ளிகளைத் திரையிலிருந்து தாளுக்குத் திருப்ப முனைந்து, 2023ஆம் ஆண்டில் பள்ளி நூல்களுக்கென 68 கோடியே 50 இலக்கம் குரோனா ஒதுக்கிற்று.

தமிழ்நாட்டிலும் 2011 முதல் மேனிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் அக்கருவி சேர்ந்ததை நான் குறைகூற மாட்டேன். ஆயினும், கணிப்பொறி சில ஆண்டுகளில் பழுதாகும். பழுது பார்க்கப் பணம் இராது. பூட்டிய அறையில் புழுதி படியும். ஒரு கணிப்பொறியின் விலைக்கு நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர் நூல்கள் வாங்கலாம். அவை கைம்மாறிக் கைம்மாறி ஒரு தலைமுறைக்கே பயன்படும்.

இவற்றினும் பெரிய கரணியம் ஒன்றுண்டு. அது மொழி. தமிழ்99 விசைப்பலகை 1999இலேயே அரசின் ஏற்பைப் பெற்றது. இருந்தும் "அம்மா" என்பதைக்கூட ஆங்கில எழுத்தால் தட்டித் தமிழாக்கிக் கொள்வோர் நம் பிள்ளைகளிலேயே எத்தனை பேர்! தமிழில் படித்து ஊறாத பிள்ளையிடம் கணிப்பொறியைக் கொடுத்தால், அவன் கருவியை ஆள்வதில்லை. அயன்மொழி அவனை ஆள்கின்றது.

நூல் என்று நான் சொல்வது தேர்வுக்கான வினாவிடைச் சுவடியை அன்று. விண்மீனையும் விதையையும் பொறியையும் விளக்கும் தமிழ்நூல்களைச் சொல்கின்றேன். "அத்தகைய நூல்கள் எங்கே?" என்பீர்கள். வாங்குவார் இருந்தால் எழுதுவார் வருவர்! தமிழ்நூல் ஆயிரம் படிகள் விற்பதே அரிதாக உள்ளது. தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு ஒரு படி வாங்கினாலே ஓர் அறிவியல் நூல் 37,000 படிகள் செல்லும். எழுதுவோன் வாழ்வான், புதுக் கலைச்சொற்கள் பிறக்கும், மொழி வளரும். கணிப்பொறிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அயல்நாட்டு நிறுவனங்களுக்குப் போய்ச் சேரும்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாநிலம், ஆண்டு 1948. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீயிட்டவர்கள் ஏறத்தாழ 97,000 நூல்களைச் சாம்பலாக்கினர். ஓர் இனத்தின் உயிர் எங்கே இருக்கின்றது என்பதைப் பகைவன் அறிந்திருந்தான். நாம் அறிய வேண்டாவா?

ஆகவே பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து நின்று மூன்று கேளுங்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு மூன்று உரூபாவிலும் இரண்டு தமிழ்நூலுக்கு, ஒன்று கணிப்பொறிக்கு. நாள்தோறும் ஒரு பாடவேளை, பூட்டில்லாத நூற்பேழையின் முன். கணிப்பொறி அறையில் முதற்பாடம், தமிழ்99.

நூல் படித்த பிள்ளை நாளை கணிப்பொறியைத் தானே கற்பான். தமிழுக்கேற்ற கணிப்பொறியைத் தானே படைப்பான். அவனை உருவாக்குவோம்!

வெல்க தமிழ்!