பட்டணத்து வாழ்வும் பழிச்சொல்லும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பட்டணத்தில் ஒரு களவு, ஒரு வெட்டுக்குத்து என்றால், "தோட்டத்திலிருந்து வந்த பையன்கள்தாம்" என்று சொல்லிவிட்டுப் போவோர் பலர். இந்தப் பழிச்சொல்லுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆத்திரத்தோடு அல்ல; காரண காரியத்தோடு.

கம்போங் மேடானை எடுத்துக்கொள்வோம். பெட்டாலிங் ஜெயாவின் தென்புறத்தில், பழைய கிள்ளான் சாலைப் பக்கமுள்ள வட்டாரம் அது. 2001 மார்ச்சு மாதம் அங்கே கலவரம் மூண்டது. ஒரு வீட்டில் கல்யாணம். அருகே ஒரு வீட்டில் சாவு. அதில் எழுந்த தகராறு வளர்ந்து ஆறு உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர். இனச்சண்டை என்று உலகம் பேசிற்று. ஆனால் அங்கே வாழ்ந்த மலாய்க்காரரும் இந்தியரும் ஏழைகள். பலகை வீடும் நெருக்கடியும் இருவருக்கும் பொது.

நம்மவர் அத்தகைய இடங்களுக்கு எப்படிப் போனார்கள்? 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்க வழி செய்தார். அது சில தோட்டங்களைக் காத்தது; எல்லாவற்றையும் காக்க இயலவில்லை. 1980, 1990களில் சிலாங்கூரில் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் ஆலைகளுக்கும் சாலைகளுக்கும் இரையாயின.

தோட்டத்தில் வேலை போனால் லயமும் போகும். அதோடு ஆயாக்கொட்டகையும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எட்டாமற் போகும். பால் வெட்டும் கத்தி பிடித்த கைக்குப் பட்டணத்தில் என்ன மதிப்பு? காவல் வேலை, துப்புரவு வேலை, லாரி வேலை, அவ்வளவுதான். தாயும் தகப்பனும் பகலும் இரவுமாக வேலைக்கு ஓடினால் பிள்ளையைப் பார்ப்பவர் யார்? லயத்தில் பிள்ளை தப்புச் செய்தால் அடுத்த வீட்டுப் பாட்டி காதைத் திருகுவாள். அடுக்குமாடியில் அடுத்த வீட்டாரின் பெயரே தெரிவதில்லை. பள்ளியை விட்டு நின்ற பையனை "வா தம்பி" என்று முதலில் அழைப்பவன் குண்டர் கும்பல்காரனாக இருக்கிறான்.

குற்றத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. சம்பளத்தைப் பறிகொடுப்பவனும் கத்திக்குத்துப் படுபவனும் நம் தொழிலாளிதானே! தப்புச் செய்தவனுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் தண்டனை மட்டும் போதாது.

புறம்போக்கு வீடுகளை உடைத்து, மக்களை அடுக்குமாடிகளில் ஏற்றியதும் காரியம் முடிந்துவிட்டதாகச் சிலர் எண்ணுகிறார்கள். கூரை மாறிற்று, வருமானம் மாறவில்லை. மின்தூக்கி பழுதாகி, நடைவழி இருண்டு, பிள்ளைகள் விளையாட இடமில்லாமற் போனால், அது மேலே மேலே அடுக்கிய லயமே!

ஆகவே நாம் கேட்பது இவை: தோட்டம் விற்கப்படுமுன் தொழிலாளிக்குச் சொந்த வீடு. இளைஞருக்குக் கைத்தொழிற் பயிற்சி. குடியிருப்பில் வெளிச்சமும் திடலும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கிராணிமார்களே! பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு மனு எழுதிக் கொடுங்கள். வந்த நோட்டீசைப் படித்துச் சொல்லுங்கள். தோழர்களே! குடியிருப்போர் சங்கத்தில் சேருங்கள். அண்டை வீட்டு மலாய்க்காரரையும் சீனரையும் அழைத்து உட்கார வையுங்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளை எவன் வீட்டுப் பிள்ளையானாலும், ஏனென்று கேளுங்கள்.

கும்பல் அழைக்குமுன் நாம் அழைப்போம்.