காபரேற்றரும் கடலும்



வள்ளத்தின் பின்புறத்திற் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரத்தின் காபரேற்றரிலே ஒரு சிறு திருகாணி உண்டு. அதைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். ஒரு திருகாணிக்கு ஒரு பேச்சா என்று சிலர் நகைக்கலாம். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட, சோளகக் காற்றை எதிர்த்துத் தண்டு வலித்துக் கரை சேர்ந்தவர்கள் நகைக்கமாட்டார்கள்.

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அந்நாட்களில் எங்கள் கரையில் ஓர் இளைஞர், செலவைக் குறைக்க எண்ணி, தந்தையாரின் பழைய இயந்திரத்தைத் தண்ணீர்ப் பீப்பாவில் நிறுத்தி ஓடவிட்டு, எரிபொருள் ஊசியை உள்ளே முறுக்கினார். புகை குறைந்தது, ஓசையும் இனிமையாயிற்று. மறுநாள் வலையேற்றி, முழு வேகத்தில் ஆழ்கடலை நோக்கி விட்டார். பாதி வழியில் முசலம், அதாவது பிஸ்ரன், உருளையோடு இறுகிப் பற்றிக்கொண்டது. வேறொரு வள்ளம் கட்டியிழுத்து வந்தது. மிச்சம்பிடித்த எண்ணெயின் பெறுமதி புதிய பிஸ்ரனின் விலைக்கு அருகிலும் வரவில்லை.

நிகழ்ந்தது என்ன? இவ்வகைப் பழைய இயந்திரங்கள் ஈரடிப்பு இயந்திரங்கள். அவற்றின் பிஸ்ரனுக்கு வழுக்குந்தன்மை அளிக்கும் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகின்றது. ஆகவே எரிபொருளைக் குறைத்தவர் எண்ணெயையும் குறைத்தவராகிறார். எரிபொருள் குறைந்த கலவை சூட்டையும் கூட்டும். பீப்பாவில் பாரமில்லை, ஆதலால் இக்குறை அங்கே வெளிப்படாது.

முதலில் பிளக்கையும், வடியையும், மிதவைக் கிண்ணத்தையும் துப்புரவாக்குங்கள். அழுக்கைத் திருகாணியால் நீக்க இயலாது. பின்னர் மெதுவோட்டத் திருகாணியை மென்மையாக உள்ளே முட்டும்வரை திருப்பி, ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பலங்கொண்டு முறுக்கினால் ஊசியின் நுனி கெட்டுவிடும். கெட்ட ஊசியை எந்த வித்தகராலும் சீர்செய்ய முடியாது.

இயந்திரம் சூடேறியபின், வள்ளம் நீரில் இருக்க, ஒவ்வொரு தடவையும் எட்டிலொரு பங்கு சுற்றுத் திருப்பி, பத்துப் பதினைந்து விநாடி பொறுத்திருங்கள். பொறுமையற்றோர் தவறுவது இவ்விடத்திலேதான். ஒரு பக்கம் திருப்பத் திருப்ப இயந்திரம் தும்முவதுபோல் வெடிக்கும். அது எரிபொருள் போதாமை. மறுபக்கம் திருப்பினால் புகைத்துத் தள்ளாடும், அது மிகுதி. சில இயந்திரங்களில் இத்திருகாணி எரிபொருளைக் கட்டுப்படுத்தும், வேறு சிலவற்றில் காற்றைக் கட்டுப்படுத்தும். ஆதலால் உள்ளே வெளியே என்று மனனம் செய்யாது, ஓசையையே நம்புங்கள். இரண்டுக்கும் நடுவே, மிகுதியின் பக்கம் சற்றே சாய்த்து நிறுத்துங்கள்.

வேக ஓட்டத்துக்கெனத் தனி ஊசி இருப்பின், அதனைப் பாரத்தோடு ஓடும்போதே சரிசெய்ய வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் திருப்பட்டும். மேல்மூடி கழற்றப்பட்டிருக்கும், சுழலும் சில்லில் சாரத்தின் தலைப்புச் சிக்காமல் ஒடுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பின்னர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு நன்று. வெண்மை ஆபத்து. ஈரக் கறுப்பு வீண்செலவு, ஆனால் உயிருக்குக் கேடில்லை.

எண்ணெய்ச் செலவைக் குறைக்க வேண்டுமாயின் வள்ளத்தின் அடியிற் படிந்த பாசியைச் சுரண்டுங்கள். முழு வேகத்தைச் சற்றுத் தணியுங்கள். ஊசியிலே கை வைக்காதீர்கள்.

மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருப்போருக்கு இன்னொன்று. இது பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. எதில் உழைக்கிறதோ அதில் ஓடும்போதே சரிசெய்ய வேண்டும். கரையை அணுகும்போது மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் விடியற்காலை நீங்கள் கயிற்றை இழுக்கும்போது கிண்ணத்திலே பெற்றோல் காத்திருக்கும்.