லொள்ளு என்னும் சொல்



தமிழில் ஒலியைப் பற்றிப் பிறந்த சொற்கள் மிகப் பல. ஓடை சலசலக்கிறது, மழை சடசடக்கிறது, மணி கணகணக்கிறது. இவ்வாறு இரட்டித்தே நிற்பனவற்றை இரட்டைக்கிளவி என்றார் தொல்காப்பியர். இன்று நான் எடுத்துக்கொண்டது, ஒலியிலே பிறந்து தெருவிலே வளர்ந்த ஒரு சொல். அதுதான் லொள்ளு.

நாய் 'லொள், லொள்' என்று குரைக்கும். அக்குரைப்பே இச்சொல்லின் பிறப்பிடம். லகரம் மொழிக்கு முதலாகாது என்பது இலக்கண விதி. ஆதலினாலேயே வடசொல்லாகிய லோபியும் உகரம் பெற்று உலோபி ஆனான். லொள்ளுக்கு அந்த அடக்கம் இல்லை. நாய் எழுத்ததிகாரம் கற்றதில்லை அல்லவா?

தமிழகத்துப் பேச்சு வழக்கில் இச்சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. எதிர்த்துப் பேசும் பிள்ளையைத் தாய், "லொள்ளுப் பேசாதே" என்று அதட்டினால், அது துடுக்கு. நண்பனை நோக்கி, "உனக்கு லொள்ளு அதிகம்" என்று சிரித்தால், அது குறும்பு, ஒருவகைப் பாராட்டுங்கூட. ஓயாமல் இடைஞ்சல் செய்பவன் "லொள்ளுப் பண்ணுகிறான்" என்றால், அது தொல்லை. திரைப்படங்களைக் கேலி செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, 2000-களில் 'லொள்ளு சபா' என்றே பெயர் பூண்டது. அங்கே அது நையாண்டி. அதே நாயின் மற்றோர் ஒலி 'வள்'. "வள்ளென்று விழுந்தார்" என்றால் சினம் ஒன்றே பொருள்.

திரைப்படங்களின் வழியே இச்சொல் எங்கள் நாட்டுப் பிள்ளைகளின் நாவிலும் ஏறியது. சில ஆண்டுகளுக்கு முன், "எங்கட சேருக்குச் சரியான லொள்ளு" என்று ஒரு மாணவன் தோழனிடம் கூறியது என் செவியில் விழுந்தது. என்னை நாயென்றான் என எண்ணினேன். விளக்கம் கேளாமல் அவனை வெளியே நிறுத்தி, தந்தையை அழைத்துவரச் செய்தேன். கூலிவேலை செய்யும் அம்மனிதர், அன்றைய உழைப்பை விட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, நீங்கள் வகுப்பிலை சொல்லுற பகிடியளை வீட்டிலை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அதைத்தான் அவன் லொள்ளு எண்டு சொல்லுறவன்."

எனக்கு நாணமாயிற்று. லொள்ளு என்றவன் அவன். வள்ளென்று விழுந்தவனோ நான். அவ்விருவரிடமும் அப்பொழுதே மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தந்தை இழந்த ஒரு நாட் கூலியை மட்டும் என் மன்னிப்பு ஈடு செய்யவில்லை.

பிள்ளைகளின் வாயில் புதிய சொல்லொன்றைக் கேட்கும் பெற்றோரும் ஆசிரியரும், தண்டிக்குமுன் அதன் பொருளை அப்பிள்ளையிடமே கேட்பாராக.