சந்தூக் தயார், கயிறு எங்கே?

(மஹல்லா இளைஞர்களும் கடைவீதி வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று இரவு இந்த மஹல்லாவில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் என்ன நடக்கும்? யாரும் பதற மாட்டார்கள். சந்தூக் பள்ளியில் இருக்கிறது. கஃபன் துணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். குளிப்பாட்டுபவர் யார், கபர் வெட்டுபவர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

இதே இரவில் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தால்? கடைவீதியில் தீப்பிடித்தால்? மையித்துக்கு இவ்வளவு தயாராக இருக்கிற நம்மிடம், உயிரோடு இருப்பவரைக் காப்பாற்ற என்ன இருக்கிறது? பள்ளியில் ஒரு நல்ல கயிறாவது இருக்கிறதா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதை விட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக் கொண்டது. மீட்புப் படை வந்து சேர 19ஆம் தேதி ஆகிவிட்டது. அதுவரை சோறு போட்டது யார்? பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். வந்தவர் என்ன சாதி, என்ன மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆக, முதல் இரண்டு நாளுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் உதவி. அந்தப் பக்கத்தில் இருப்பவர் நாமாக இருப்போம்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நானும் ஒரு குழுவோடு போனேன். ஆயிரக்கணக்கில் சோற்றுப் பொட்டலம் கட்டினோம். மெயின் ரோட்டில் நின்று கொடுத்தோம். ஒரே ஆளுக்கு மூன்று பொட்டலம் கூடப் போயிருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். அப்படி ஒருவர் அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தோம். அதன் பிறகு நாங்கள் அவருக்குச் செய்தது ஜனாஸா வேலைதான். அதை ஒரு குறையும் இல்லாமல் செய்தோம்.

ஃபர்ளு கிஃபாயா என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். சிலர் செய்தால் எல்லோர் மீதும் உள்ள கடமை நீங்கும்; ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுக்கக் குற்றவாளி. ஜனாஸா தொழுகையோடு அது முடிந்துவிடுகிறதா? இமாம் கஸ்ஸாலி மருத்துவத்தையும் அதில்தான் சேர்த்தார்கள். வெள்ளத்தில் தவிப்பவரைக் கரை சேர்க்கும் வித்தையும் இந்தக் கணக்கில்தான் வரும் என்பது என் கருத்து. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் பேசுபவர்களோடு எனக்கு வாதமில்லை.

இளைஞர்களே! உங்கள் வீரத்தில் எனக்குச் சந்தேகமில்லை, பயம்தான் இருக்கிறது. தண்ணீரில் தத்தளிப்பவன் கிட்ட வருபவனைக் கட்டிப் பிடித்து அமுக்கிவிடுவான். முதலில் கம்பை நீட்டு, கயிற்றை வீசு, மூடி போட்ட காலித் தண்ணீர் கேனைத் தூக்கிப் போடு. குதிப்பது கடைசி. அதுவும் பழகியவன் மட்டும். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். கேட்டால் சுலபம், செய்து பார்த்தால்தான் கை வலி தெரியும். 2016இல் மத்திய அரசு தொடங்கிய 'ஆப்த மித்ரா' திட்டத்தில் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி வைத்தார்கள். அது போன்ற பயிற்சி எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் கேட்போம். தீயணைப்பு நிலையத்துக்கும் மனு கொடுப்போம்.

அடுத்தது கணக்கெடுப்பு. எந்த வீட்டில் படுக்கையில் கிடப்பவர், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ்? இதை ஆண்கள் மட்டும் எடுத்தால் பாதிதான் வரும். இத்தாவில் இருக்கும் பெண்ணின் வீட்டு நிலைமை நமக்கு எப்படித் தெரியும்? நம் தாய்மார்களும் சகோதரிகளும்தான் எடுக்க வேண்டும். நம் தெருவில் இருக்கும் மாற்று மதச் சகோதரர்களின் வீடுகளும் இந்த நோட்டில் வர வேண்டும்.

வணிகச் சகோதரர்களே, கோபித்துக் கொள்ளாதீர்கள்! கடைக்கு வெளியே நீங்கள் அடுக்கும் பெட்டிகளால் சைக்கிளே கஷ்டப்பட்டுப் போகிற சந்தில் தீயணைப்பு வண்டி எப்படி வரும்? இரவில் பூட்டிப் போகும் போது மெயின் சுவிட்சை அணைக்கிறீர்களா? உங்கள் சாவி அவசரத்துக்கு யாரிடம் இருக்கிறது?

உங்களிடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. ஜகாத்திலிருந்தும் கேட்கவில்லை, அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். கயிறு, தார்ப்பாய், டார்ச், ஸ்ட்ரெச்சர், ஒரு முதலுதவிப் பெட்டி. லோடு வண்டி வைத்திருப்பவர்கள் வண்டி நம்பரையும் டிரைவர் பெயரையும் எழுதிக் கொடுத்தால் போதும். பள்ளியில் சந்தூக் இருக்கும் அறையிலேயே இடம் ஒதுக்க முத்தவல்லி சாஹிப் சம்மதித்திருக்கிறார்கள். 101, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களை அந்த அறையின் கதவில் எழுதப் போகிறோம்.

மோதினாரிடம் நோட்டு இருக்கிறது. இஷா தொழுததும் நீச்சல் தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள், நோட்டில் தனிப் பக்கம் போட்டிருக்கிறோம்.