பீலித் தண்ணீர் கெட்டால் பணம் கட்டுவது யார்?

(புசல்லாவையில் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்க உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் பாதிப் பேர் சம்பள விஷயம் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதைக் கூட்ட முடிவில் பேசுவோம். முதலில் காப்புறுதியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வீட்டுக்கு வரும் முகவர் விற்கிற ஆயுள் காப்புறுதி அல்ல. ஒரு கம்பனி நம்முடைய தண்ணீரையோ மண்ணையோ கெடுத்துவிட்டால், அதற்கு நட்டஈடு கட்டுவதற்காக அந்தக் கம்பனி எடுத்து வைக்க வேண்டிய காப்புறுதி.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் மருந்தடித்த டாங்கிகளைப் பீலிக்கு மேலேயுள்ள கானில் கழுவினார்கள். அன்று இரவு கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு வாந்தி. மறுநாள் பெரட்டு முடிந்ததும் நாங்கள் ஒப்பீசுக்குப் போனோம். மழைத் தண்ணீர் கலங்கியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தபோது பீலி சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாளே ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிழை எங்களுடையது.

மருந்தடிப்பவர் மலையிலேயே மயங்கி விழுந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தைக் காட்டிப் பேசலாம். அது வேலை செய்யும்போது வேலையாளுக்கு நேரும் விபத்துக்கான சட்டம். அவருடைய பிள்ளை லயத்தில் இருந்து அதே மருந்து கலந்த தண்ணீரைக் குடித்தால் அந்தச் சட்டம் பிள்ளைக்கு உதவாது.

கம்பனியிடம் காப்புறுதி இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். தீக்கு இருக்கும், இயந்திரத்துக்கு இருக்கும், வெளியாருக்கு நேரும் சேதத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்புறுதிகூட இருக்கலாம். ஆனால் உலகம் முழுவதும் இந்தப் பொதுப் பொறுப்புப் பத்திரங்களில் மாசினால் வரும் சேதத்தை விலக்கி வைக்கும் பிரிவு ஒன்று வழக்கமாக இருக்கும். திடீரென்று நடந்த விபத்து என்றால் சில பத்திரங்கள் பணம் கொடுக்கும்: டீசல் டாங்கி வெடித்தது, பவுசர் கவிழ்ந்தது என்பது போல. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது என்றால் கையை விரித்துவிடும். அதற்குத் தனியாகச் சுற்றாடல் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். நமக்கு வரும் கேடோ பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதுதான். இது தேயிலை ஸ்டோருக்கு மட்டும் உரிய பேச்சும் அல்ல. கம்பளையிலிருந்து நுவரெலியா வரை இந்த வீதியில் பெற்றோல் நிலையம், வாகனம் கழுவும் இடம், ஹோட்டல் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றின் கழிவும் பள்ளத்தை நோக்கித்தான் வரும்.

சுன்னாகத்தில் அப்படித்தான் நடந்தது. அங்கு கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. பக்கத்து மின் நிலையத்தை நடத்திய நொதர்ன் பவர் கம்பனிக்கு எதிரான வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை வைத்துத்தான் அந்தத் தீர்ப்பு. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கைகள் இல்லாமல் அந்த வழக்கு நின்றிருக்காது.

காப்புறுதி இருந்தாலும் போதாது என்பதற்குக் கடலில் ஓர் உதாரணம். 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்தது. நமது மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். கப்பலுக்கு லண்டனில் காப்புறுதி இருந்தது. ஆனால் பழைய கடல் சட்டப்படி பொறுப்புக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று உரிமையாளர்கள் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே வரம்பு சுமார் 1 கோடியே 90 இலட்சம் பவுண் என்று வந்தது. 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் கட்டச் சொன்னது. கட்ட மாட்டோம் என்று கப்பல் கம்பனி சொல்லிவிட்டது. ஆகவே, "காப்புறுதி இருக்கிறது" என்று துரை சொன்னால் எவ்வளவு தொகைக்கு என்று கேளுங்கள்.

கேரளாவின் காசர்கோட்டிலும் தோட்டம்தான். அரசாங்கத்தின் தோட்டக் கூட்டுத்தாபனம் முந்திரித் தோட்டத்துக்கு மேலே ஹெலிகொப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. சுமார் 25 வருடம் தெளித்தார்கள். 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபாவை மூன்று மாதத்தில் கொடுக்கும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது. ஐந்து வருடம் கழித்தும் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை என்று அதே நீதிமன்றம் கண்டித்தது.

இந்தியாவில் ஒரு நல்ல சட்டமும் உண்டு. போபாலில் 1984இல் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1991இல் கொண்டுவந்தார்கள். ஆபத்தான இரசாயனம் வைத்திருப்பவர் கட்டாயம் காப்புறுதி எடுக்க வேண்டும். விபத்து நடந்தால், யார் பிழை என்று நிரூபிக்காமலே முதல் நிவாரணம் கேட்கலாம். உயிர் போனால் 25,000 ரூபா என்று வைத்தார்கள். தொகையைக் கேட்டால் கோபம் வருகிறது. ஆனால் வழி சரியானது.

நம் ஊரில் மூன்றாந் தரப்புக் காப்புறுதி இல்லாமல் ஒரு ஆட்டோவை வீதியில் ஓட்ட முடியாது. பீலிக்கு மேலே மருந்துக் களஞ்சியம் வைத்திருப்பவரிடமும் அதையே கேட்போம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, காணி அரசாங்கத்துடையது, மருந்தடிப்பவர் பல இடத்தில் கொந்தரப்புக்காரர். பிரச்சினை வந்தால் மூவரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். அதனால் அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் வைக்கும் கோரிக்கை இது: மாசுக்கான காப்புறுதி, கொந்தரப்பு வேலையையும் சேர்த்து, கம்பனியின் பெயரில் இருக்க வேண்டும், கசிந்து வரும் கேட்டையும் அது ஏற்க வேண்டும், பத்திரத்தின் பிரதி சங்கத்திடம் இருக்க வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு லயத்திலும் இரண்டு சுத்தமான கண்ணாடிப் போத்தல் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மணம் வந்தால் அன்றைக்கே நிறைய எடுத்து மூடி, திகதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, வெயில் படாமல் வையுங்கள். எடுக்கும்போது இரண்டு பேர் கூட நில்லுங்கள். அன்றே பரிசோதகருக்கும் தோட்டத் தலைவருக்கும் அறிவியுங்கள். எந்த மலைக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்பதை மருந்தடிக்கும் தோழர்கள் ஒரு கொப்பியில் குறித்து வரட்டும். மருந்துப் பெயரை டின்னைப் பார்த்து எழுதினால் போதும்.

கொப்பிகள் கொண்டு வந்திருக்கிறோம், போகும்போது டிவிஷனுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சரி, இப்போது சம்பளக் கேள்விகளைக் கேளுங்கள்.