சித்தப்பாவுக்கு நான் போட்ட டிக்கெட்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடுமானவரை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஏர்போர்ட்ல காத்துக் கிடக்கிறதைப் பத்திப் பேசப் போறோம்.

லேஓவர்னு சொன்னதும் நம்மள்ல பல பேருக்கு சாங்கி ஏர்போர்ட்டோட அருவிதான் ஞாபகத்துக்கு வரும். இல்லன்னா லவுஞ்ச்ல கார்டைத் தேய்ச்சிட்டு மூணு தட்டு சாப்பிட்டது. நான் சொல்லப் போறது எங்க சித்தப்பாவோட லேஓவர். 19 மணி நேரம். அந்த டிக்கெட்டைப் போட்டது நான்தான். அதனாலதான் இதைப் பேச எனக்கு இவ்வளவு நாள் ஆச்சு.

திருச்சிதான் எங்க ஏர்போர்ட்

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். மாவட்டத்துல பயணிகள் விமான நிலையம் கிடையாது. எங்களுக்கு ஏர்போர்ட்னா திருச்சிதான். அது திருச்சி - புதுக்கோட்டை ரோட்டு மேலேயே இருக்கு. சின்ன வயசுல பஸ்ல போறப்போ, அந்தச் சுவரைத் தாண்டும்போது எல்லாரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்போம்.

அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கமெல்லாம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு ஒருத்தராவது போகாத தெரு குறைவு. ஒருத்தரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் போகும். திருச்சியில 2024 ஜூன் 11ஆம் தேதி புது முனையம் பயன்பாட்டுக்கு வந்துச்சு. நெரிசலான நேரத்துல 3,500 பயணிகளைக் கையாளலாம்னு கணக்குப் போட்டுக் கட்டினது. பழைய முனையத்துல நின்னவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

ஆனா நினைச்ச நாள்ல, நினைச்ச ஊர்லேர்ந்து திருச்சிக்கு நேர் விமானம் கிடைக்காது. நடுவுல எங்கேயாவது இறங்கி ஏறணும். நம்ம கதை அங்கதான் ஆரம்பிக்குது.

12,500 ரூபாய்

ஒரு பொங்கல் வாரம். வியாழக்கிழமை விடியற்காலை அப்பாயி இறந்துட்டாங்க. அப்பாவோட அம்மா. எங்க பக்கத்து வழக்கம், அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கணும், ஆத்தாளுக்கு இளையவன். இளையவர் சித்தப்பா. அவர் 14 வருஷமா வளைகுடாவுல டிரைவர்.

ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு எடுக்கறதுன்னு முடிவாச்சு. வீட்ல ஆன்லைன்ல டிக்கெட் போடத் தெரிஞ்ச ஆள் நான். சென்னையிலேர்ந்து கார்ல ஊருக்குப் போயிட்டே ஆப்பைத் திறந்தேன். அன்னைக்கு நைட்டுக்கு நேர் விமானம் இல்ல. ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, ஒரே டிக்கெட்ல ஒரு ஊர்ல மாறிப் போறது, 34,000 ரூபாய். இன்னொண்ணு, ஒரு வட இந்தியப் பெருநகரத்துல விடியற்காலை மூணரைக்கு இறங்கி, காலை 7.40க்கு வேற நிறுவனத்தோட விமானத்துல திருச்சி, 21,500. ரெண்டுமே மதியத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்.

நான் ரெண்டாவதைப் போட்டேன். 12,500 ரூபாய் மிச்சம் பண்ணிட்டோம்னு ஒரு சின்ன திருப்திகூட இருந்துச்சு. அந்த ஸ்கிரீன்ல பொடி எழுத்துல 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்'னு போட்டிருந்தது. பார்த்தேன். அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கல.

பனி

குளிர்காலத்துல வடக்கே பனிமூட்டம் எப்படி இருக்கும்னு செய்தியில பார்த்திருப்பீங்க. பெரிய ஏர்போர்ட்டுகள்ல 'கேட் 3'னு ஒரு தரையிறக்க வசதி உண்டு. அதுல உயர்ந்த வகை இருந்தா, ஓடுபாதையில 50 மீட்டர் தூரம் மட்டுமே தெரிஞ்சாலும் இறங்கலாம். ஆனா விமானத்துலயும் அந்தக் கருவி இருக்கணும், விமானிக்கும் அந்தப் பயிற்சி இருக்கணும். அப்படியே இறங்கினாலும் விமானங்களுக்கு நடுவுல இடைவெளி கூட விடணும். ஒரே விமானம் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை பறக்கும். அதனால விடியற்காலைப் பனியால வந்த தாமதம் ராத்திரி வரைக்கும் பின்னாடியே வரும்.

சித்தப்பாவோட முதல் விமானம் அஞ்சு மணி நேரம் லேட். காலைல எட்டே முக்காலுக்கு இறங்கினார். திருச்சி விமானமும் லேட்டாகி, ஒன்பது இருபதுக்குத்தான் கிளம்பியிருக்கு. அந்த நேரத்துல அவர் பெட்டி வர்ற பெல்ட் முன்னாடி நின்னுட்டு இருந்தார்.

வெளிநாட்டுலேர்ந்து இந்தியாவுக்கு வந்தா, பொதுவா முதல்ல இறங்குற ஏர்போர்ட்லேயே குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை ரெண்டும் முடிச்சு, பெட்டியை எடுத்துட்டுப் போய் உள்நாட்டு விமானத்துக்குத் திரும்பவும் போடணும். எல்லாம் முடிஞ்சு வெளியில வர பத்தேகால் ஆச்சு. கவுன்டர்ல கேட்டா, "நீங்க நேரத்துக்கு வரல. இந்த டிக்கெட் செல்லாது." முதல் விமான நிறுவனத்தைக் கேட்டா, "உங்களை இந்த ஊர்ல இறக்கிவிட்டாச்சு, எங்க வேலை முடிஞ்சது." சட்டப்படி ரெண்டு பேர் சொன்னதுலயும் தப்பு இல்ல. ரெண்டு டிக்கெட்டும் ரெண்டு தனித்தனி ஒப்பந்தம். நடுவுல இருக்கிற அந்த நாலு மணி நேரத்துக்குப் பொறுப்பு யாருமே இல்ல. சித்தப்பாதான் பொறுப்பு. சரியாச் சொன்னா, நான்தான்.

பொங்கல் வாரம், சென்னை, மதுரை, கோயம்புத்தூர் எதுக்கும் சீட் இல்ல. மதியம் பெங்களூருக்கு ஒண்ணு கிடைச்சுது. ரெண்டு மணி நேரத்துல அதுவும் ரத்து. கடைசியா மறுநாள் காலை அஞ்சு மணிக்குத் திருச்சிக்கு ஒரு சீட். அதுக்குக் கொடுத்தது, நான் மிச்சம் பிடிச்சதைவிட அதிகம்.

"அப்போ சனிக்கிழமை எடுத்தா என்ன?"னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். பெரியவங்க ஒத்துக்கல. சனிப் பிணம் தனிப் போகாதுன்னு ஒரு நம்பிக்கை. உங்களுக்கும் எனக்கும் அதுல நம்பிக்கை இல்லாம இருக்கலாம். ஊர் நிறைய சொந்தம் உக்காந்திருக்கும்போது அதை வாதாட முடியல.

தூணுக்குப் பக்கத்துல

நம்ம நாட்டுல டெர்மினல் வாசல்ல டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்த்துத்தான் உள்ள விடுவாங்க. மறுநாள் காலை விமானத்துக்கு முந்தின நாள் காலைலேயே உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. வருகைப் பகுதியில நாற்காலி எல்லாம் நிறைஞ்சு, தரையில போர்வை விரிச்சுக் குடும்பம் குடும்பமா ஜனம். ஒரு தூணுக்குப் பக்கத்துல பெட்டியைப் போட்டு உக்காந்துட்டார்.

போன்ல சார்ஜ் இல்ல. அவர்கிட்ட இருந்தது அங்கத்து சார்ஜர், சதுரமான மூணு முள். நம்ம ஊர் பிளக்ல நுழையாது. சிம்மும் அங்கத்து சிம். ஏர்போர்ட் வைஃபைக்கு ஓடிபி கேக்குது, அந்த நம்பருக்கு வரல.

சாயங்காலம் அஞ்சரைக்கு அப்பாயியைத் தூக்கினாங்க. நான் வீடியோ கால் போட்டேன். அந்தப் பக்கம் படம் நின்னு நின்னு வருது. "நாலு பர்சென்ட்தான்டா இருக்கு, மூஞ்சியை மட்டும் காட்டு"ன்னார். காட்டினேன். கட் ஆயிடுச்சு.

ரெண்டு நிமிஷத்துல அவரே வேற நம்பர்லேர்ந்து கூப்பிட்டார். பக்கத்துல இருந்த ஒரு பையன், தமிழ்ல பேசுறதைக் கேட்டிருக்கான். நம்ம கோட்டைப்பட்டினத்துப் பையன், அவனும் விமானம் போய் உக்காந்திருக்கான். தன் போனையே கையில கொடுத்து, பவர் பேங்கைச் செருகி, "நீங்க பாருங்கண்ணே"ன்னுட்டு எழுந்து நின்னுக்கிட்டானாம். சுத்தி இருந்தவங்களுக்குப் பாஷை தெரியாது. ஆனா என்ன நடக்குதுன்னு புரிஞ்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து இடம் விட்டிருக்காங்க. ஒரு வயசான அம்மா டிவி பார்த்துட்டு இருந்த பேரனை அதட்டிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க.

கொள்ளி வைச்சது எங்கப்பா. சித்தப்பா அதை அடுத்தவர் போன்ல, தரையில உக்காந்து பார்த்தார். மறுநாள் பால் தெளிக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். என்னைத் திட்டல. "பனி பேஞ்சா நீ என்னப்பா பண்ணுவ"ன்னார். பனி பேஞ்சதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. டிக்கெட் விஷயத்துல பண்ணியிருக்கலாம்.

துபாய்லயே நடந்துச்சு

நம்ம நாட்டுலதான் இப்படின்னு நினைக்காதீங்க. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி ஐக்கிய அரபு அமீரகத்துல மழை கொட்டுச்சு. 1949லேர்ந்து கணக்கு வச்சிருக்காங்க, அதுலயே இதுதான் பெரிய மழை. சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கையில உலகத்துலயே முதல் இடத்துல இருக்கிற துபாய் விமான நிலையத்துல ஓடுபாதைக்குப் பக்கமெல்லாம் தண்ணி. மொத்தம் 2,155 விமானங்கள் ரத்து. ஆயிரக்கணக்குல ஜனம் தரையிலேயே படுத்துச்சு. எமிரேட்ஸ் நிறுவனம் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டுச்சு. அவங்க சொன்ன கணக்குப்படி 12,000க்கும் மேல ஹோட்டல் அறை எடுத்துக் கொடுத்தாங்க, உரிமையாளர்கிட்ட போய்ச் சேராத பெட்டிகள் மட்டும் 30,000.

இதை ஏன் சொல்றேன்னா, எவ்வளவு பெரிய ஏர்போர்ட்டா இருந்தாலும் ஒரு நாள் அப்படி ஆகும். அன்னைக்கு உங்களுக்காக ஓட வேண்டிய கடமை யாருக்கு இருக்குங்கிறது நீங்க டிக்கெட் வாங்கின அன்னைக்கே முடிவாயிடுது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

முதல் விஷயம், மொத்தப் பயணமும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கான்னு பாருங்க. ஒரே டிக்கெட்னா, ரெண்டு விமானத்துக்கும் நடுவுல குறைஞ்சது எவ்வளவு நேரம் வேணும்னு பார்த்துத்தான் விப்பாங்க. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டா, உங்களை ஊர் சேர்க்கிறது அவங்க பொறுப்பு. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்'னு இருந்தா அந்தப் பொறுப்பு உங்க தலையில. ஊர் சுத்தப் போறீங்கன்னா அந்த ரிஸ்க்கை எடுக்கலாம். சாவு, கல்யாணம், பரீட்சை, வேலையில சேர்ற நாள், இதுக்கெல்லாம் எடுக்காதீங்க.

ரெண்டாவது, உரிமை. இந்தியாவுல டிஜிசிஏ விதி இருக்கு. விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல தாமதம்னா, மாற்று விமானமோ முழுப் பணமோ கேக்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல காக்க வச்சா சாப்பாடு, 24 மணி நேரம் தாண்டினா தங்க இடம்னு இருக்கு. பனி, புயல் மாதிரி காரணத்துக்கு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அப்பவும் கவுன்டர்ல போய்க் கேளுங்க, பல சமயம் கேக்கறவங்களுக்குக் கிடைக்குது. தாமதத்துக்கான காரணத்தை எழுத்துல வாங்குங்க. புகாருக்கு 'ஏர்சேவா'ன்னு அரசாங்கத்தோட தளம் இருக்கு.

மூணாவது, காசு. ஏர்போர்ட்ல தண்ணி பாட்டில் விலை பார்த்து வாங்காம இருக்காதீங்க. உள்ள குடிநீர்க் குழாய் இருக்கும், காலி பாட்டில் கொண்டுபோங்க. சென்னை உள்நாட்டு முனையத்துல 2025 பிப்ரவரியில 'உடான் யாத்ரி கஃபே' திறந்தாங்க. தொடங்கினப்போ டீ 10 ரூபாய், தண்ணி 10, சமோசா 20. இதுக்கு முன்னாடி கொல்கத்தாவுல வந்துச்சு.

சித்தப்பா சொன்னது

பிற்பாடு ஒரு நாள் தைரியம் வந்து கேட்டேன், "எப்படித் தாங்கினீங்க?"ன்னு. அவர் அதைப் பெருசா எடுத்துக்கல. வளைகுடாவுக்குப் போறவங்களுக்கு இது பழக்கம்னார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு, ஒவ்வொரு லீவுக்கும் ஒரு ராத்திரி இப்படித்தான். அவர் சொன்னதை வரிசையாச் சொல்லிடறேன்.

பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போட இருக்கணும், பையில இல்ல. பெட்டி வாரைக் கால்ல சுத்திக்கிட்டுப் படு. கைப்பையில ஒரு துண்டு, ஒரு கைலி. ஏர்போர்ட் ஏசி ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் தெரியும். முக்கியமான நாலு நம்பரைக் காகிதத்துல எழுதி வை. பிளக் பாயின்ட் கிடைச்சா நீ மட்டும் பிடிச்சு வைக்காதே. உக்காந்த உடனே பக்கத்துல இருக்கறவர் எந்த ஊருக்குப் போறார்னு கேட்டுக்கோ, நீ தூங்கிட்டா அவர் எழுப்புவார்.

இந்தக் கடைசி வரியை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். நம்ம ஏர்போர்ட்ல உக்காந்த உடனே காதுல ஹெட்போனை மாட்டிடறோம். அந்தக் கோட்டைப்பட்டினத்துப் பையன் மாட்டியிருந்தா?

அப்பாயிக்குத் தலைத்திவசம் வந்துச்சு. சித்தப்பாவுக்கு மறுபடி நான்தான் டிக்கெட் போட்டேன். ஒரே பிஎன்ஆர், 7,000 ரூபாய் கூட. போன்ல சொன்னேன். விலையை அவர் கேக்கல.

"நடுவுல எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி நேரம் சித்தப்பா. ஒரே டிக்கெட்தான், விட்டா அவங்களே அடுத்ததுல ஏத்துவாங்க."

"சரி. துண்டு எடுத்துக்கறேன்"னார். அதோட ரெண்டு விதமான சார்ஜரும் வாங்கி வச்சிருக்கேன்னார். ஒண்ணு தனக்கு. இன்னொண்ணு யாருக்காவது வேணும்னா கொடுக்க.

அவ்வளவுதான் மக்களே. இந்த எபிசோட் முடிஞ்சதும், அடுத்து நீங்க போட்டு வச்சிருக்கிற டிக்கெட்டைத் திறந்து ஒரு பிஎன்ஆரா ரெண்டான்னு பாருங்க. வீட்ல யாருக்காவது நீங்க போட்டுக் கொடுத்ததா இருந்தா, முதல்ல அதைப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.