போன ராக்கெட் திரும்பி வரட்டும்!

நடுவர் அவர்களே! எதிரணியில் புத்தம்புது ராக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியிலிருந்து திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

ராணுவச் செயற்கைக்கோளைச் சுமக்கத் தகுந்தது புது ராக்கெட்டா, திரும்பி வரும் ராக்கெட்டா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "நாட்டோட கண்ணை, ஏற்கெனவே ஓடின பழைய வண்டியிலயா ஏத்துவீங்க?"ன்னு கேட்டார். நீங்களும் கைதட்டிட்டீங்க!

ஐயா, இந்தக் கேள்வியை நீங்க எந்த ஊர்ல வேணும்னாலும் கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாத ஊர் ஒண்ணே ஒண்ணுதான். அது ஆவடி! (சிரிப்பு) 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த ஊர் இது. ஓடித் தேய்ஞ்ச டி-72 டாங்கியைக் கொண்டுவந்து, நட்டு போல்ட்டு வரைக்கும் பிரிச்சு, பழுது பார்த்து, திரும்பப் படைக்கு அனுப்புற ஊர் இது. பழைய டாங்கி நாட்டைக் காக்காதுன்னு யாராவது சொன்னாங்களா? (கைதட்டல்)

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்துகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். என் மாமனார் சொல்வார்: "புது மிஷின் என்னைச் சோதிக்கும், ஓடின மிஷினை நான் சோதிப்பேன்." திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்த்தால்தானே எது தேய்ந்தது, எங்கே விரிசல் என்று தெரியும்? கடலில் விழுந்ததைக் கேட்டா சொல்லும்?

2021 ஜூனில் அமெரிக்க விண்வெளிப் படை, ஏற்கெனவே பறந்து திரும்பிய பால்கன்-9 அடிப்பகுதியை வைத்தே தன்னுடைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை அனுப்பியது. பணம் இல்லாமலா? சோதித்துப் பார்த்த நம்பிக்கை!

நம்ம கதை என்ன? 2013-ல் நம் கடற்படைக்கான ஜிசாட்-7, பிரெஞ்சு கயானாவுக்குப் போய் ஏரியான்-5 ராக்கெட்டில் ஏறியது. நம்ம கப்பல்கள் ரகசியம் பேச வேண்டிய சாதனம், அடுத்த வீட்டு மாடியிலிருந்து! 2025 நவம்பர் 2-ல் 4,410 கிலோ சிஎம்எஸ்-03, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்முடைய எல்விஎம்-3 ராக்கெட்டிலேயே போனது. பெருமைதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு 4,700 கிலோ ஜிசாட்-என்2, புளோரிடாவுக்குப் போய் பால்கன்-9-ல் ஏறியதே! அது ராணுவத்துக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு ராணுவத்துக்கே அந்த எடை வந்தால்?

இன்னொன்று. 2025 மே 18. பி.எஸ்.எல்.வி.-சி61. மூன்றாவது அடுக்கில் கோளாறு. இரவிலும் மேகத்திலும் பார்க்கக்கூடிய இஓஎஸ்-09 ரேடார் செயற்கைக்கோளை இழந்தோம். ஐயா, அது புத்தம்புது ராக்கெட்தானே? (கைதட்டல்) நான் குறை சொல்லவில்லை. புதுசிலும் பழுது வரும். அப்போது வேண்டியது, அடுத்ததைச் சீக்கிரம் அனுப்புகிற வசதி. கண்காணிப்புக்கு மட்டும் 52 செயற்கைக்கோள் அனுப்ப 2024-ல் அரசு முடிவெடுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முழு ராக்கெட்டையும் முதலிலிருந்தா செய்வது? ஆவடியிலிருந்து சென்ட்ரல் போன பஸ்ஸைக் கூவத்தில் தள்ளிவிட்டு, திரும்பி வர வேறு பஸ் கட்டுவீர்களா? (சிரிப்பு)

"திரும்பி வர எரிபொருள் மிச்சம் வைக்கணும், சுமை குறையும்"னு எதிரணியில் ஒரு தம்பி சொன்னார். சரியான பேச்சு. கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போனால், திரும்பி வர ஆட்டோ காசை எடுத்து வைத்துவிட்டுத்தான் நாங்களும் காய் வாங்குகிறோம்! அதனால்தான் ராக்கெட் பெரிசா இருக்கணும். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அடுத்த தலைமுறை ராக்கெட், தாழ்வட்டப் பாதைக்கு 30 டன் வரை சுமக்கும். முதல் அடுக்கு திரும்பி வரும். எல்விஎம்-3-ஐப் போல மூன்று மடங்கு சுமை, ஒன்றரை மடங்கு செலவு என்பது திட்டம். ஒதுக்கிய தொகை 8,240 கோடி ரூபாய். காலம் எட்டு ஆண்டு. மேல் அடுக்குகள் திரும்பாது, அதையும் மறைக்கவில்லை.

எட்டு ஆண்டு நீளம்தான். ஆனால் இன்றைக்கு விதைக்காவிட்டால் எட்டாவது ஆண்டிலும் இரவல்தான். எல்லையில் நிற்கிற பிள்ளைக்கு மலைக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டிய கண், அடுத்தவன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

போகிற பிள்ளை திரும்பி வரணும்னு வாசலில் நிற்கிற ஊர் நம்முடையது. போகிற ராக்கெட்டும் திரும்பி வரட்டும் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.  (பலத்த கைதட்டல்)